மரத்தடமும் அடைத்த முனையும்

சென்ற மாதம் பட்டறையிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தார்கள். ரம்ப மேசைக்குக் கோயமுத்தூரிலிருந்து அலுமினியத் தடம் வந்திருக்கிறது, பொருத்தும்போது நானும் ஒரு முறை பார்த்துவிட்டால் நல்லது என்றார்கள். போனேன். நல்ல சாமான்தான். ஒரு முனையில் கண்ணை வைத்துப் பார்த்தால் மறுமுனை வரைக்கும் கோடு கிழித்தது போல இருந்தது. இரண்டு முனைகளிலும் அழகான தகட்டு மூடி. எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு, ஸ்க்ரூடிரைவரை வாங்கி, ரம்பத்துக்கு அந்தப் புறம் இருந்த மூடியை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இப்போது மேஸ்திரியாக இருப்பவர்தான் கேட்டார்.

"ஏனுங்க, அவன் அழகா மூடி போட்டுக் குடுத்திருக்கறான். அதப் போயிக் கழட்டிட்டீங்களே?"

நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுதுவது எனக்குப் பழக்கம்தான்.

எங்கள் ஊர் கொமரலிங்கம். ஆற்றுப் பாசன வயல் எங்களுக்கு இருந்தது, ஆனால் அண்ணன்மார் இருவர் பிழைக்கும் அளவுக்குத்தான் இருந்தது. உடுமலையில் ஒருவரிடம் கதவு, சன்னல் வேலை பழகினேன். பழகின காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இழைப்புளி பிடிக்கவும், மரத்தின் ரேகையைப் பார்த்து எந்தப் பக்கமிருந்து இழைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் கற்றேன். ஐம்பதுகளின் கடைசியில் திருப்பூருக்கு வந்து, ராயபுரத்தில் இருந்த இந்தப் பட்டறையில் சேர்ந்தேன். போன வருடம் வரைக்கும் அங்கேயேதான் இருந்தேன்.

பட்டறையில் இரண்டு வேலைகள் நடந்தன. ஒன்று, பனியன் அனுப்புவதற்கான மரப்பெட்டி. மற்றது மடிப்புப் பலகை. பனியன் கம்பெனிகளில் பேக்கிங் செய்யும் பெண்கள், விரித்த பனியனின் நடுவில் இந்த மெல்லிய பலகையை வைத்து, இரண்டு பக்கத்தையும் அதன் மேல் மடித்து, கீழிருந்து ஒரு மடிப்பு மடித்து, பலகையை உருவிவிடுவார்கள். பலகை எந்த வடிவமோ மடிப்பும் அந்த வடிவம். பலகையின் மூலை சற்றே சாய்ந்திருந்தாலும், ஒரு பனியனில் அது தெரியாது. டஜன் கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்போது அடுக்கு ஒரு பக்கமாகச் சாயும். அப்புறம் பெட்டியின் மூடி உட்காராது.

ஆகவே எல்லாப் பலகையும் ஒரே அளவாக, மூலை நேராக இருக்க வேண்டும். பெட்டிக்கான பலகைகளைக் கையால் அளந்து, கோடு போட்டு அறுத்துவிடலாம். மடிப்புப் பலகைக்கு அது ஆகாது. அதற்கு ஒரு தள்ளுபலகை வேண்டும். அறுக்க வேண்டிய துண்டை அதன் மேல் வைத்து, அதில் குறுக்காக அடித்திருக்கும் முட்டுக்கட்டையோடு சேர்த்துப் பிடித்து, பலகையையே ரம்பத்தை நோக்கித் தள்ள வேண்டும். அது வலது இடது ஆடாமல் போக மேசையில் ஒரு தடம் வேண்டும். வெளிநாட்டு ரம்பங்களில் வார்ப்பிரும்பு மேசையிலேயே தடம் கடைந்திருக்கும். எங்களிடம் இருந்தவை இரண்டும் பழைய வட்ட ரம்பங்கள். மேசை உடைந்து வந்தவை. மேசையை நாங்களே கெட்டியான பலகையில் செய்துகொண்டோம். அந்த நாளில் இரும்புக்குப் பர்மிட் வாங்க வேண்டும். வாங்கினாலும் நேராகக் கடைந்து தர ஆள் கிடைப்பது சிரமம். எனவே தடத்தையும் மரத்தில்தான் செய்தாக வேண்டும்.

எங்கள் மேஸ்திரி பெயர் சென்னியப்பன். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கலாம். கோபம் வந்தால் இன்னும் மரியாதையாகப் பேசுகிறவர். "கொஞ்சம் இங்க வர்றீங்களா" என்று சாதாரணமாகக் கூப்பிட்டால் பயமில்லை. "தயவு பண்ணி ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா" என்றால் ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம். அவருடைய சட்டைப்பையில் எப்போதும் ஒரு பழைய போஸ்ட் கார்டு இருக்கும். யாரோ எழுதிய கடிதம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதன் உபயோகம் பிறகுதான் தெரிந்தது.

தடத்துக்கு எதையெல்லாமோ முயன்று பார்த்தோம். கொல்லர் அடித்துத் தந்த இரும்புப் பட்டை கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. தள்ளுபலகையை வைத்து ஓட்டினால் நடுவில் ஒரு இடத்தில் மூக்கைத் தூக்கியது. மூங்கிலைப் பிளந்து, தோல் பக்கம் மேலே வரும்படி பதித்தோம். முதல் வாரம் எண்ணெய் போட்டது போல வழுக்கிக்கொண்டு ஓடியது. தோல் தேய்ந்ததும் நார் எழும்பிப் பிடித்துக்கொண்டது. தேக்கு நன்றாக ஓடியது, ஆனால் விளிம்பு சீக்கிரம் மழுங்கியது. கடைசியில் நிலைத்தது இதுதான்: மேசையில் வாகைக் கட்டையைப் பதித்து அதில் நீளமாக ஒரு காடி, அதாவது பள்ளம், எடுப்பது; தள்ளுபலகையின் அடியில், அந்தக் காடிக்குள் ஓடும்படி, புளியமரத்து வைரத்தில் செய்த நாக்கு ஒன்றைத் திருகுவது. செக்குக்குப் போகிற அந்த மரம் தேயவே தேயாது. அறுக்கும்போது ரேகை நிமிர்ந்து நிற்கும் துண்டாகப் பார்த்து எடுத்தால், ஐப்பசி மழையிலும் அகலத்தில் அதிகம் உப்பாது.

நாக்குக்கும் காடியின் சுவருக்கும் இடையே எவ்வளவு இடம் விடுவது என்பதில்தான் போஸ்ட் கார்டு வேலைக்கு வந்தது. வெயில் காலத்தில் பொருத்தினால் ஒரு பக்கம் போஸ்ட் கார்டு நுழைந்து, லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். தொளதொளவென்று வந்தால் அதிகம். நுழையாவிட்டால் மழைக்கு இறுகிவிடும். மேஸ்திரி கார்டை நுழைத்து இழுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. இரண்டாவது ரம்பத்தில் நின்ற கருப்புசாமி எதையும் வேகமாகத் தள்ளுகிறவன். ஒருநாள் தள்ளுபலகை காடியின் கடைசி வரை போய், அந்தப் பக்கம் கீழே விழுந்து, அவன் கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. மறுநாளே மேஸ்திரி சொன்னார்; இரண்டு மேசைகளிலும் காடியின் கடைசி முனையைக் கட்டை வைத்து அடைத்தேன். நாக்கு அதில் போய் முட்டி நின்றுவிடும். பார்க்கவும் லட்சணமாக இருந்தது. எல்லோரும் நல்ல ஏற்பாடு என்றுதான் சொன்னோம்.

முதல் ரம்பம் யூசுப் அண்ணனுடையது. 'உடையது' என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ரம்பம் வாங்கி வந்த நாளிலிருந்து அதில் நின்றவர் அவர் ஒருவர்தான். ஐம்பதை நெருங்கியவர், மெலிந்த உடம்பு, காதோரம் எப்போதும் ஒரு பென்சில். வேலைக்கு வந்ததும் முதலில் ரம்பத்தைத் தொடமாட்டார், துடைப்பார். திருப்பூரில் எண்ணெய் பட்டால், கறை பட்டால், கை கழுவினால், சைக்கிள் துடைத்தால் எல்லாவற்றுக்கும் பனியன் வேஸ்ட்தான். கம்பெனிகளில் வெட்டியது போக மிஞ்சுகிற துண்டுத் துணி மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். யூசுப் அண்ணன் அதில் வெள்ளையாகப் பார்த்து ஒரு கைப்பிடி எடுத்து, விளக்கெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, மேசையையும் காடியையும் தன் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஒரே இழுப்பாகத் துடைப்பார். ஒவ்வொரு கட்டு பலகை அறுத்து முடித்த பிறகும் இதே காரியம். கருப்புசாமி துடைக்கவே மாட்டான். வாயால் ஊதுவான், அவ்வளவுதான்.

"பாயி, தொழுகைக்குப் போறதுக்கு முன்னால ரம்பத்துக்கும் கை கால் கழுவி ஒளு செஞ்சுடறீங்களா?" என்று கருப்புசாமி கேலி செய்வான்.

"உன்ற ரம்பம் குளிச்சு ஆறு மாசமாச்சு. பக்கத்துல நிக்க முடியல, சாமி" என்பார் இவர்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பலகைகள் திரும்பி வந்தன.

நல்லூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்று, அடுக்கு சாய்கிறது என்று சொல்லி மூட்டையோடு திருப்பி அனுப்பிவிட்டது. எங்கள் முதலாளி தோட்டம் துரவு உள்ள கவுண்டர். மர வியாபாரத்திலிருந்து பட்டறைக்கு வந்தவர். அவர் சத்தம் போடவில்லை. மூட்டையைப் பிரித்து, பலகைகளை ஒன்றோடொன்று சேர்த்து நிமிர்த்தி அடுக்கி, கொஞ்சம் விலகி நின்று பார்த்தார். அவற்றில் பல ரம்ப மேசைப் பக்கமாகத் தலை சாய்த்து நின்றன. ஒவ்வொரு பலகையின் பின்புறமும் அறுத்தவர் பென்சிலில் ஒரு குறி போடுவது எங்கள் வழக்கம். சாய்ந்தவை எல்லாம் யூசுப் அண்ணனின் குறி. கருப்புசாமியுடையவை நேராக நின்றன.

முதலாளி மேஸ்திரியைத் தள்ளி அழைத்துப் போய்த்தான் பேசினார். ஆனால் பட்டறையில் மறைவாகப் பேச இடம் ஏது.

"பாய்க்குக் கண்ணு கொஞ்சம் மங்கிருச்சாட்ட இருக்குதுங்க. வயசாகுதில்லீங்களா. பெட்டி ஆணி அடிக்கற பக்கம் உக்கார வெச்சரலாமுங்க. ஒரு கொறையும் வெக்க வேண்டாம்."

மேஸ்திரி அடுத்த சரக்கு போகிற வரைக்கும் தவணை கொடுக்கும்படி கேட்டார். முதலாளி சரி என்று போய்விட்டார்.

யூசுப் அண்ணன் அதுவரைக்கும் மேசையைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தார். முதலாளியின் வண்டிச் சத்தம் தெரு முனையைத் தாண்டிய பிறகு என்னிடம் சொன்னார்: "வேலு, ஆணி அடிக்கறதுக்கு நான் வர்றதாயில்ல. அதுக்கு ஊட்டுலயே இருந்துக்குவேன்." கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னார். போகிறவர் போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் மேஸ்திரி செய்த சோதனையைப் படிப்படியாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் அதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. மூலைமட்டத்தை அவர் நம்பவில்லை. அதுவே தவறாக இருக்கலாம் அல்லவா. நேராக இழைத்த ஒரு சட்டத்தை மேசையில் அசையாமல் வைத்தார். அறுத்த பலகையின் நீள விளிம்பை அதில் ஒட்ட வைத்து, குறுக்கு விளிம்பை ஒட்டிக் கூரான பென்சிலால் கோடு கிழித்தார். பிறகு பலகையைப் புரட்டிப் போட்டு, அதே விளிம்பைச் சட்டத்தில் ஒட்ட வைத்து, கிழித்த கோட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி, ஒரே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. மூலை நேராக இருந்தால் இரண்டாவது கோடு முதல் கோட்டின் மேலேயே விழும். இல்லாவிட்டால் இரண்டும் பிரியும். தவறு இரண்டு மடங்காகக் கண்ணுக்குத் தெரியும்.

கருப்புசாமியின் பலகைக்கு ஒரே கோடு. யூசுப் அண்ணனின் பலகைக்கு இரண்டு கோடுகள் கிளை பிரிந்து போயின. கடைசியில் ஒரு நூல் இடைவெளி. அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. எல்லோரும் பார்த்தோம்.

"பாயி" என்றார் மேஸ்திரி, "தயவு பண்ணி அந்த ரம்பத்துக்குப் போறீங்களா. கருப்பு, நீங்க இங்க வந்து நில்லுங்க."

எப்போதும் 'வா, போ' என்று கூப்பிடும் கருப்புசாமியையே அவர் 'நீங்க' என்று சொன்னதும் நாங்கள் வழிவிட்டு ஒதுங்கி நின்றோம்.

இடம் மாறி அறுத்தார்கள். ஒரே மரம், ஒரே அளவு. யூசுப் அண்ணன் அடுத்தவர் ரம்பத்தில் வழக்கத்தைவிட மெதுவாக அறுத்தார். துண்டைப் பிடித்திருந்த விரல்களின் நுனி வெளுத்திருந்தது. மேஸ்திரி கோடு கிழித்தார், புரட்டினார், மறுபடி கிழித்தார். ஒரே கோடு. அடுத்து கருப்புசாமி அறுத்தது. இரண்டு கோடு.

யூசுப் அண்ணன் குனிந்து அந்த ஒற்றைக் கோட்டை விரலால் தடவினார். பிறகு நிமிர்ந்து, "கண்ணு என்ற கண்ணுதானுங்க, மேஸ்திரி" என்றார். சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கருப்புசாமி, தனக்குத்தான் கண் போய்விட்டது, இனி தான்தான் ஆணி அடிக்க வேண்டும் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான்.

மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. ரம்பத்தின் கோளாறு என்று தெரிந்துவிட்டது. என்ன கோளாறு என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே மரத்தில், ஒரே கையால், என் கையால் செய்த தடம். ஒன்று கெட்டு ஒன்று கெடாமல் இருப்பானேன்? முட்டுக்கட்டையைப் பார்த்தோம். அசையவில்லை. நாக்கைக் கழற்றி நேர்சட்டத்தில் வைத்துப் பார்த்தோம். வளையவில்லை. நாக்கை மறுபடி பொருத்தி, காடியில் போஸ்ட் கார்டை விட்டுப் பார்த்தார். முன்பக்கம் சரியாக நுழைந்தது. அந்தப் பக்கம் போகப் போக, இடது சுவரை ஒட்டி நுழையவேயில்லை. வலது பக்கம் தொளதொளவென்று ஆடியது.

குத்தூசியை எடுத்துக் காடியின் இடது மூலையில், அடைத்த முனைக்கு அருகில் கிளறினார். மரம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது மரமில்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று ஊசியில் மாட்டிக்கொண்டு வந்தது. மெதுவாக இழுத்தார். விளக்குத்திரி மாதிரி நீளமாக, கெட்டியாக, வந்துகொண்டே இருந்தது. நகத்தால் அழுத்தினாலும் பதியவில்லை. அது இருந்த இடத்தில் எண்ணெய் ஊறி, காடியின் முனை இடது பக்கம் உப்பலாகவும், நாக்கு ஒதுங்கி உரசியே வலது சுவர் தின்று போயும் இருந்தது. தள்ளுபலகை ரம்பத்தை நெருங்கும் நேரத்தில் அந்தத் திரி நாக்கின் மூக்கை வலப்பக்கம் தள்ளியிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

மற்ற மேசையின் காடியில் உலர்ந்த மரத்தூள் மட்டும் இருந்தது. ஊதினால் பறந்தது.

மேஸ்திரி அந்தத் திரியை உடனே கீழே போட்டிருக்கலாம். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். யூசுப் அண்ணன் கை நீட்டி வாங்கினார். முகர்ந்து பார்த்தார். விளக்கெண்ணெய். இரண்டு விரலால் நுனியைப் பிரித்தார். மரத்தூள் உதிர்ந்து, உள்ளே வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தது. இந்த ஊரில் பிறந்த எவருக்கும் அந்தப் பஞ்சு எது என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

"நான் தொடச்சதுங்களா?" என்றார்.

சற்றுமுன் சிரித்த முகம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. துடைக்காதவன் பலகை நேராக வந்திருக்கிறது. நாள் முழுக்கத் துடைத்தவருடையது சாய்ந்திருக்கிறது. இரும்புத் தடமாக இருந்தால் பஞ்சு வழுக்கிக்கொண்டு போயிருக்கும். மரத்தின் ரேகை ஒவ்வொரு இழையாகப் பிடித்து வைத்துக்கொண்டது. மிச்சத்தைத் துணி தள்ளிக்கொண்டு போய் முனையில் திணித்தது.

மேஸ்திரி அடைத்திருந்த முனையைக் காட்டினார். "தொடச்சா அழுக்கு எங்கீங்க போகும்? போறதுக்கு வழியே வெக்காம அடைச்சுப்போட்டோமே நாம."

யூசுப் அண்ணன் திரியை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டார்.

அன்று மதியமே இரண்டு மேசைகளிலும் முனையைத் திறந்தோம். தள்ளுபலகை விழாமல் இருக்க, முட்டு வேண்டுமே. அதைக் காடிக்குள் வைக்காமல், மேசையின் பக்கவாட்டில் ஒரு கட்டையாகத் திருகினோம்; தள்ளுபலகையின் ஓரம் அதில் முட்டும். வாகையில் தின்று போன பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக்கட்டை பதித்தேன். எண்ணெயை விட்டுவிட்டு மெழுகுவர்த்தியைத் தேய்த்தோம். போஸ்ட் கார்டு முன்னும் பின்னும் ஒரே மாதிரி நுழைந்து வந்தது. யூசுப் அண்ணன் அறுத்தார். ஒரே கோடு.

முதலாளி வந்த அன்று நேரான அடுக்கை மேசையில் வைத்திருந்தோம். அவர் நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்தார். மேஸ்திரி நடந்ததைச் சொன்னார். ஆனால் துணியைப் பற்றிச் சொல்லவில்லை. காடியில் தூசி அடைத்துக்கொண்டது, முனையை மூடிச் செய்தது தன் யோசனை, தவறு தன்னுடையது என்றார். முதலாளியும் அதோடு விட்டிருப்பார். கிளம்பத் துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டார்.

"தூசி இல்லீங்க" என்றார் யூசுப் அண்ணன். வேட்டி மடிப்பை அவிழ்த்து அந்தத் திரியை மேசையில் வைத்தார். "பனியன் பஞ்சுங்க. தொடச்சது நானுங்க."

மேஸ்திரி அவரைப் பார்த்த பார்வையில் வருத்தம் இருந்தது. எதற்கு இப்படி என்பது போல. நான் கையிலிருந்த உளியைக் கீழே வைக்க மறந்து நின்றேன். 'அப்படியானால் நான் சொன்னது சரிதானே' என்று முதலாளி சொல்லிவிட்டால் முடிந்தது. தவறு பாயுடையது என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

முதலாளி திரியை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அறுபடவில்லை.

"பனியனத் தேச்சு பனியன் பலகை கெட்டுப் போச்சுங்களா?" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, "இனி என்ன பண்ணுவீங்க, பாயி? தொடைக்காம ஓட்டுவீங்களா?"

"அது முடியாதுங்க. தொடைக்கத்தான் செய்வேன். வேற ஒண்ணுல தொடைப்பனுங்க."

முதலாளி கண் மங்கியதைப் பற்றிய பேச்சை எடுக்கவில்லை. அன்று அப்படிச் சொன்னதற்கு வருத்தமும் தெரிவிக்கவில்லை. நல்லூருக்குச் சரக்கு எப்போது தயாராகும் என்று கேட்டார். மேஸ்திரியை அல்ல; யூசுப் அண்ணனைக் கேட்டார். அவர் யோசித்து, நாளைக்கு மறுநாள் என்றார். சரி என்று முதலாளி போனார்.

திரும்பி வந்த சாய்ந்த பலகைகளை யூசுப் அண்ணன் எறிய விடவில்லை. எல்லாவற்றையும் சின்னதாக நேராக்கி அறுத்து, குழந்தைகள் சைஸ் பனியனுக்கான பலகைகளாக்கினார். பழைய குறி போன இடத்தில் மறுபடி தன் குறியைப் போட்டார்.

தென்னை நாரில் கட்டையாக ஒரு பிரஷ் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு காடிக்குள் துணி போனதில்லை. வழக்கம்போலத் தன் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை ஒரே இழுப்பு. திறந்த முனையிலிருந்து மரத்தூள் தரையில் கொட்டும். மாலையில் விளக்கை அணைப்பதற்கு முன்பு மேசையின் அந்தப் பக்கம் போய், குனிந்து, தரையில் விழுந்திருக்கும் சின்னக் குவியலைப் பார்ப்பார். பார்த்த பிறகுதான் கூட்டச் சொல்வார். அவர் வேலையை விட்டு நின்ற நாள் வரைக்கும் அந்த ரம்பத்தில் அவர்தான் நின்றார். அந்தக் குவியலைப் பார்க்காமல் ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை.

அலுமினியத்தில் ரேகை கிடையாது. பஞ்சு அவ்வளவு சுலபமாகப் பிடிக்காது. அதனால் மூடி இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்று நீங்கள் சொல்லலாம். இருக்கலாம். ஆனால் நான் வந்திருந்த அன்று, மேசைக்குக் கீழே ஒரு கூடையில் பனியன் வேஸ்ட் வைத்திருப்பதைப் பார்த்தேன். வெள்ளையாகப் பார்த்துப் பொறுக்கி வைத்திருந்தீர்கள். துடைக்கிற ஆள் உங்களிலும் ஒருவர் இருக்கிறார். மூடி என்னிடமே இருக்கட்டும்.